தூக்குக்குண்டும் சாய்ந்த ஆன்டெனாவும்

கரண்ட் போன ஒரு சாயங்காலம், மாமா வீட்டுச் சுவரில்தான் எனக்கு அது பிடிபட்டது.

தங்கச் சுரங்கத்தில் தலையில் மாட்டிக்கொண்டு இறங்குகிற விளக்கு ஒன்று மாமாவிடம் இருந்தது. பழசு என்று ஒதுக்கியதைக் கொண்டுவந்து, வேறு பாட்டரி கட்டி உயிர் கொடுத்திருந்தார். கரண்ட் போனால் அதுதான் எங்களுக்குச் சூரியன். அன்றைக்கும் அதை ஆணியில் மாட்டினார். வெளிச்சம் எதிர்ச்சுவரின் உச்சியில், காலண்டருக்கும் மேலே, வட்டமாகப் போய் விழுந்தது. தரையில் தட்டோடு உட்கார்ந்திருந்த எங்களுக்கு இருட்டு.

"மேல பல்லிக்கு இன்னாத்துக்குய்யா வெளிச்சம்? சோறு கீழ கீது" என்றாள் அத்தை.

நான் எழுந்துபோய் விளக்கின் தலையை லேசாகக் குனியவைத்தேன். வட்டம் சுவரில் வழுக்கிக்கொண்டு இறங்கியது. காலண்டரைத் தாண்டி, கதவைத் தாண்டி, தரையில் விழுந்து நீண்டு, என் தட்டின் மேல் வந்து நின்றது. குழம்பில் கிடந்த கத்திரிக்காய் பளபளத்தது. நான் சோற்றில் கை வைக்கவில்லை.

"மாமா! டவர்! நம்ம டவர் பல்லிக்கு வெளிச்சம் காட்டிக்கினு கீது!"

"இன்னாமா ஒளர்ற?" என்றபடி மாமா எழுந்தார். நான் சொன்னதைக் கேட்கவில்லை. நேராக ஆணியருகே போய், விளக்கைப் பழையபடி நிமிர்த்திவிட்டு வந்து உட்கார்ந்தார். வெளிச்சம் மறுபடியும் பல்லியிடம் போய்விட்டது.

"மாட்டினது எதுவா இருந்தாலும் நேரா இருக்கணும்" என்றார்.

"இவருக்குக் கோணல்னா கொலைக்குத்தம்" என்று அத்தை எனக்குச் சொல்லிவிட்டு, இருட்டிலேயே ரசம் ஊற்றினாள். அந்த வார்த்தையை அப்போதே நான் கொஞ்சம் கவனித்திருக்கலாம்.

நான் அப்போது எலக்ட்ரானிக்ஸ் படிப்பை முடித்த சூட்டோடு, செல்போன் கம்பெனிகளுக்கு டவர் நிறுத்திக் கொடுக்கும் ஒரு பெங்களூர் கான்ட்ராக்டரிடம் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். சொந்த ஊரிலேயே முதல் வேலை. மாரிகுப்பத்தை ஒட்டி நிற்கும் பாறைக்குன்றின் மேல் ஒரு டவர். "உசரத்துல வச்சா ஒரே டவர்ல ஊர் பூரா வந்துடும்" என்று பெங்களூரில் யாரோ வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்திருந்தார்கள். டவர் நின்றது. விளக்கு எரிந்தது. ஆனால் குன்றின் அடிவாரத்திலேயே இருக்கிற மாரிகுப்பம் ஸ்டேஷனில் சிக்னல் இல்லை. பிளாட்பாரத்தில் நின்று அண்ணாந்தால் டவர் தெரியும், கையில் இருக்கும் போனில் ஒரு கோடுகூட ஏறாது. தாகத்தோடு தண்ணீர் டாங்கியின் அடியில் நிற்பதுபோல இருக்கும்.

எங்களுக்கு வேண்டியது அந்த ஸ்டேஷன்தான். சுரங்கம் மூடிய வருடம் அது. மூடியபிறகு ஊரில் பாதி, விடிவதற்கு முன்னாலேயே பெங்களூர் வண்டி ஏறிவிடும். இனி செல்போன் வாங்கப்போவது அந்தக் கூட்டம்தான் என்று கம்பெனி நம்பியது. ஸ்டேஷனில் பேச முடியாவிட்டால் டவரைக் கழற்றி, பங்காரப்பேட்டைப் பக்கம் மெயின் ரோட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள்.

அப்படிக் கழற்றினால் அதோடு மாமாவின் வேலையும் போய்விடும். மாமா சுரங்கத்தில் பிட்டர். ஷாஃப்ட் என்கிற செங்குத்துக் குழியின் வாய்க்கு மேலே நிற்குமே இரும்புக் கோபுரம், ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் என்கிற கூண்டின் கயிறு ஓடுகிற பெரிய சக்கரம் அதன் உச்சியில்தான் இருக்கும். அந்தச் சக்கரத்தையும் கயிற்றையும் பார்த்துக்கொள்வது அவர் வேலை. சுரங்கம் மூடியதும், உயரத்துக்குப் பயப்படாத ஆள் என்பதால் எங்கள் கான்ட்ராக்டர் அவரைத் தற்காலிகமாக எடுத்துக்கொண்டார். டவர் நின்றால் அவர்தான் அதற்கு நிரந்தர ஆள். போனால், அவரும் விடியற்கால வண்டியில் ஏறி பெங்களூரில் ஏதாவது அபார்ட்மென்ட் வாசலில் காவலுக்கு நிற்க வேண்டியதுதான். தெரிந்தவர்கள் அதற்கு இடமும் பார்த்து வைத்திருந்தார்கள்.

"ஆயுசு பூரா உசரத்துல நின்னவன், எவன் வூட்டு கேட்டாண்டயோ குந்திக்கினு சல்யூட் அடிக்கறதா?" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. எடுக்காததுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் ராபர்ட்சன்பேட்டைக்குப் போய், பெங்களூரில் இருந்த எங்கள் மேலாளரைக் கூப்பிட்டேன். செல்போன் டவரைப் பற்றிப் பேசுவதற்கு எஸ்.டி.டி. பூத்துதான் கதி. பூத்துக்காரர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சார், டவர்ல கோளாறு ஒண்ணுமில்ல. ஆன்டெனா நேரா பாக்குது. அலை ஸ்டேஷன் தலைக்கு மேல தாண்டிப் போகுது. குனிய வச்சா கீழ வரும்."

"சாய்ச்சுத்தான் பாரேம்மா" என்றார் அவர். "பிராக்கெட்ல மார்க் இருக்கும். வெள்ளிக்கிழமை நானே வர்றேன். பிளாட்பாரத்துல போன் கால் நிக்கணும். நிக்கலேன்னா கழட்டிடலாம். ரோட்டுக்காரங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க."

வெளியே வந்தபோது பூத்துக்காரர் சிரித்தார். "அப்ப அது இன்னாமா, காக்கா குந்தவா கட்டினீங்க?"

சிக்னல் என்றால் ஊரில் எல்லோரும் குண்டு பல்பு மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பரவும் என்று. காலேஜை முடிக்கிற வரைக்கும் எனக்குமே உள்ளுக்குள் அந்தப் படம்தான் இருந்தது. உண்மையில் டவரில் மாட்டுகிற ஆன்டெனா, ஆளைவிட உயரமான ஒரு வெள்ளைப் பலகை. அதற்குள் சின்னச் சின்ன உலோகத் துண்டுகள் ஒன்றின் கீழ் ஒன்றாக வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றும் தனியாகப் பேசினால் அலை எல்லாத் திசையிலும் சிதறும். எல்லாம் ஒரே நொடியில், ஒரே குரலில் பேசினால், மேலேயும் கீழேயும் போக வேண்டியது ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அழிந்து, முன்பக்கம் மட்டும் மிஞ்சும். பக்கவாட்டில் விசிறிபோல அகலம். மேலும் கீழும் தோசைபோல மெல்லிசு. அதிலும் ஒரு வேடிக்கை. அந்தத் தோசைக்குக் கொஞ்சம் கீழே, அலைகள் சரியாக ஒன்றையொன்று தின்றுவிடுகிற ஓர் இடம் இருக்கிறது. டவர் கண்ணெதிரில் நிற்கும், ஆனாலும் அங்கே ஒன்றுமே இருக்காது. மாரிகுப்பம் ஸ்டேஷன் அந்த ஒன்றுமில்லாத இடத்தில் உட்கார்ந்திருந்தது.

பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய விஷயம்தான். ஆனால் அந்தக் கோட்டுப்படம் என் ஊரின் மேல், தண்டவாளத்தின் மேல், நான் சமோசா வாங்கித் தின்ற பிளாட்பாரத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் படுத்திருக்கிறது என்று நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது.

அந்த வாரம் மாமாவும் அத்தையும் குடியாத்தத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். அவர் திரும்பும்வரை பொறுக்க என்னால் முடியவில்லை. டவர் ஏறும்போது கட்டுகிற அவருடைய பெல்ட்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நானே ஏறினேன். கீழே ஜெனரேட்டருக்குக் காவலாக இருந்தவர், "ஏம்மா, வூட்ல சொல்லிட்டு வந்தியா?" என்று பாதி தூரம் வரைக்கும் கத்திக்கொண்டே இருந்தார். அதற்குமேல் காற்றுச் சத்தத்தில் அவர் குரல் கேட்கவில்லை.

உச்சியில் நின்று பார்த்தபோது ஊர் எனக்குத் தெரியாத ஊராக இருந்தது. பாறையை அரைத்துத் தங்கம் எடுத்தபின் கொட்டிய சயனைட் மண்மேடுகள், மழையில் வரி வரியாக அறுந்து, வெளிறிக் கிடந்தன. இடையிடையே ஷாஃப்ட் கோபுரங்கள், சக்கரங்கள் சுற்றவில்லை. தண்டவாளம் வளைந்து வந்து, இதற்குமேல் போக்கிடம் இல்லை என்று மாரிகுப்பத்தில் முடிந்திருந்தது. அந்தச் சக்கரங்களுக்கு நேர் கீழே எவ்வளவு ஆழம்! மாமாவின் கயிறு அவ்வளவு ஆழத்துக்கும் ஆட்களைக் கொண்டுபோய்க் கொண்டுவந்திருக்கிறது. இப்போது அவர் பெல்ட்டில் நான் தொங்குகிறேன், கயிறே இல்லாத ஒன்றைக் கீழே இறக்குவதற்காக.

ஆன்டெனாவின் பின்புறமாக நின்று, மேல் பிராக்கெட்டின் நட்டைத் தளர்த்தினேன். கத்தரிக்கோல் மாதிரி இரண்டு கை. விரித்தால் பலகையின் தலை முன்னே சாயும். மார்க் பார்த்து விரித்தேன். அந்த வெள்ளைப் பலகை, எதிரே வருகிற பெரியவருக்கு வணக்கம் சொல்வதுபோல் மெல்லக் குனிந்தது. இறுக்கிவிட்டு இறங்கி, மாமாவின் டி.வி.எஸ். மொபெட்டில் மண்பாதையில் குலுங்கிக் குலுங்கி ஸ்டேஷனுக்கு ஓடினேன்.

பிளாட்பாரத்தில் போனை எடுத்தேன். கோடுகள் நின்றுகொண்டிருந்தன, முழுசாக. சிமென்ட் பெஞ்சுக்கு அடியில் குனிந்து பார்த்தேன், இருந்தது. டிக்கெட் கொடுக்கும் ஜன்னலருகே பார்த்தேன், இருந்தது. ஒரு நாய் தூங்கிக்கொண்டிருந்தது. அதன் மேலும் அலை விழுந்துகொண்டுதான் இருந்தது. அதற்குத் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும். யாரையாவது கூப்பிட்டுப் பேச வேண்டும்போல் இருந்தது. ஆனால் ஊரில் செல்போன் வைத்திருக்கிற ஒருவரையும் எனக்குத் தெரியாது. பெங்களூர் ஆபீஸுக்கு அடித்து, எடுத்தவரிடம், "சும்மாதான் சார், கேக்குதான்னு பார்த்தேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வியாழக்கிழமை மாமா ஊர் திரும்பினார். அன்று நான் ராபர்ட்சன்பேட்டையில் கேபிள் கட்டும் பட்டியும் டேப்பும் தேடி அலைந்துகொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்தபோது அவர் குளித்து, தலை வாரி, ரொம்பவும் சந்தோஷமாக இருந்தார். மலைக்குப் போய்வந்ததாகச் சொன்னார். "நட்டெல்லாம் டைட் பண்ணி, தொடச்சி வச்சிக்கிறேன். நாளைக்கு சார் வந்தா மூக்கு மேல வெரல் வைப்பாரு."

"ஸ்டேஷன்ல சிக்னல் வந்துடுச்சி மாமா. வேலை உனக்குத்தான்" என்றேன்.

அவர் கல்யாண வீட்டிலிருந்து கொண்டுவந்த அதிரசத்தில் இரண்டை எடுத்து என் கையில் வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை மேலாளர் ஜீப்பில் வந்து எங்களை மலையேற்றி, மாமாவை டவரடியில் இறக்கிவிட்டு, என்னோடு ஸ்டேஷனுக்கு வந்தார். டிரைவருக்கு மாமியார் வீடு பூதிகோட்டையில். "ஒரு நடை போய்ட்டு வந்துடறேன் சார், பெண்டாட்டி அங்க இருக்கா, மாசமா இருக்கா" என்று கேட்டு, ஜீப்போடு கிளம்பிவிட்டார். வண்டியில் ஒரு கம்பெனி போன் எப்போதும் இருக்கும்.

மேலாளர் பிளாட்பாரத்தில் நின்று போனை எடுத்தார். பார்த்தார். தட்டினார். தூக்கிப் பிடித்தார். நான் என்னுடையதை எடுத்தேன். ஒரு கோடுகூட இல்லை. முந்தாநாள் நாய் தூங்கின இடத்தில் போய் நின்றேன். அங்கேயும் இல்லை.

"ஏம்மா, இதுக்குத்தான் என்னை அவ்ளோ தூரத்துலேர்ந்து வரச்சொன்னியா?"

"முந்தாநேத்து இருந்தது சார். சத்தியமா இருந்தது."

"இருந்த சிக்னல் எங்க போச்சு, பெங்களூர் வண்டி ஏறிடுச்சா?" அவர் கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் அதிகம் வலித்தது. "சரி, மலைக்குப் போகலாம். இன்னிக்கே கழட்ட ஆரம்பிச்சுடலாம். உன் மாமாகிட்ட நானே சொல்லிடறேன்."

அவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகிற வழியெல்லாம் என் கண்ணுக்குள் அபார்ட்மென்ட் கேட் ஒன்று திறந்து திறந்து மூடியது. டவரடிக்கு வந்ததும் மாமா துணியால் கையைத் துடைத்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு எதிரே வந்தார். மேலாளர் வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. டவருக்கடியில் மட்டும் கொஞ்சம் சிக்னல் கசியும்.

டிரைவர்தான். குரல் எனக்கே கேட்டது. "சார்! பூதிகோட்டையிலேர்ந்து பேசறேன் சார்! இங்க ஃபுல் டவர்! தோட்டத்துல நின்னுக்கிட்டுப் பேசறேன், தக்காளிச் செடி நடுவுல!"

மேலாளர் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். "பூதிகோட்டையா? அவ்ளோ தூரமா?"

நான் அண்ணாந்தேன். வெள்ளைப் பலகை கொடிமரம் மாதிரி நிமிர்ந்து நின்றது.

"மாமா... அதை யாரு நேராக்கினது?"

மாமா என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். "மெதுவாப் பேசு, சார் காதுல வுழப்போவுது. நீ கட்டினது கோணலா இருந்திச்சி பாப்பா. மொத தடவ ஏறினவ, கை நடுங்கியிருக்கும். தூக்குக்குண்டு வுட்டு, நூல் புடிச்சி நேராக்கிட்டேன். யாராண்டயும் மூச்சு வுடல."

எனக்கு அழுவதா சிரிப்பதா தெரியவில்லை. சுரங்கத்துப் பிட்டர்களுக்குள் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. ஷாஃப்ட்டில் தொங்குகிற எதுவும் நூல் பிடித்த நேராக இருக்க வேண்டும்; கொஞ்சம் கோணினாலும் கேஜ் உரசும், ஆள் போகும். அதனால் ஒரு ஷிஃப்ட்டில் ஒருவன் கோணலாக விட்டுப்போனதை, அடுத்த ஷிஃப்ட்டில் வருகிறவன் வாய் திறக்காமல் நேராக்கி வைப்பான். சொல்லிக்காட்ட மாட்டான். மேலதிகாரிக்குத் தெரியவும் விடமாட்டான். மாமா என்னை முந்தின ஷிஃப்ட்காரியாகச் சேர்த்துக்கொண்டு, என் மானத்தைக் காப்பாற்றியிருந்தார்.

"அது கோணல் இல்ல மாமா. வேணும்னே சாய்ச்சது. அன்னிக்கு வெளக்கு சோத்துத் தட்டுல வுழுந்திச்சே, அது மாதிரி."

மாமா டவரைப் பார்த்தார். ஸ்டேஷன் பக்கம் பார்த்தார். முகத்தில் இருந்த வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. "அப்ப நாந்தான் வெளக்கப் பல்லியாண்ட திருப்பி வுட்டுட்டனா?"

பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. "சார், ஒரே ஒரு தடவை ஸ்டேஷனுக்கு வாங்க. மாமா மேலேயிருந்து கொஞ்சம் கொஞ்சமா சாய்க்கட்டும். நீங்களே உங்க போன்ல பாருங்க" என்றேன்.

"கீழ இருக்கற நீ சொல்றது மேல இருக்கற அவருக்கு எப்படித் தெரியும்? போன்தான் இல்லியே!"

அதற்கு மாமாவே பதில் சொன்னார். "மணி அடிக்கற மாதிரிதான் சார். கேஜுக்கு மணி அடிப்போம். ரெண்டு அடிச்சா எறக்கு. ஒண்ணு அடிச்சா நிறுத்து. மணி இல்லேன்னா வெளிச்சம் காட்டட்டும்." சொல்லிக்கொண்டே பெல்ட்டை மாட்ட ஆரம்பித்துவிட்டார்.

ஆட்டோ போய்விட்டிருந்தது. ஜெனரேட்டர் காவல்காரரின் மொபெட்டை வாங்கி, மேலாளரைப் பின்னால் உட்காரவைத்து, மண்பாதையில் இறக்கினேன். "மெதுவாப் போம்மா, எனக்கும் குடும்பம் இருக்கு" என்று என் தோளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஸ்டேஷன் வாசலில் இருந்த சலூனில் சவரம் முடிந்தவருக்குக் கொடுக்கும் கைக்கண்ணாடியைக் கேட்டு வாங்கினேன். "ஒடைச்சா ஏழு வருசம் கெட்ட நேரம், உனக்கு இல்ல, எனக்கு" என்று கத்தினார் சலூன்காரர்.

வெயில் நன்றாக ஏறியிருந்தது. அடுத்த வண்டிக்குக் காத்திருந்தவர்கள் என்னைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். நான் கண்ணாடியில் சூரியனைப் பிடித்து, டவர் உச்சியை நோக்கித் திருப்பினேன்.

"இன்னாமா, யாருக்கு கண்ணடிக்கற?"

"வண்டிக்கு சிக்னல் குடுக்கறா போல. இனிமே லேட்டாவாது!"

இரண்டு தடவை மின்னினேன். இறக்கு.

மலைமேல் ஒரு புள்ளி அசைந்தது. மாமா தோளிலிருந்த சிவப்புத் துண்டை எடுத்து ஆட்டினார். தெரிந்தது என்று அர்த்தம். வெள்ளைப் பலகை கண்ணுக்கே தெரியாத அளவு சாய்ந்தது. போனில் ஒன்றுமில்லை. மறுபடி இரண்டு மின்னல். ஒன்றுமில்லை. மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி இரண்டு. ஒரு கோடு வந்தது, போனது, திரும்ப வந்து நின்றது.

என்னைச் சுற்றியிருந்த கேலி நின்றுவிட்டது. எல்லோர் தலையும் அந்தச் சின்னத் திரைக்குள் வந்துவிட்டது. அதில் பலபேர் சுரங்கத்தில் இருந்தவர்கள். "எறக்கு, எறக்கு, இன்னும் லெவல் வரல" என்றார் ஒருவர், ஷாஃப்ட் வாயில் நிற்பதுபோல. இரண்டு மின்னல். இன்னொரு கோடு. இரண்டு மின்னல். இன்னொன்று.

வாழ்க்கையில் நான் பார்த்ததிலேயே பெரிய விஷயம் அதுதான் என்று இப்போதும் சொல்வேன். பார்த்தது என்று சொல்வதும் தப்பு. கண்ணில் பட்டது ஒரு துண்டும், ஒரு கண்ணாடியும், திரையில் நாலைந்து கோடும்தான். ஆனால் வானத்தில் அகலமாக, மெல்லிசாக, பூதிகோட்டைவரை நீண்டு கிடந்த ஒன்றை ஒரு மனிதர் ஸ்பேனரால் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக்கொண்டிருந்தார். மண்மேட்டைத் தொட்டு, சிக்னல் கம்பத்தைத் தொட்டு, கூரைத் தகடுகளைத் தொட்டு அது வருகிறது. இத்தனை வருடம் இதே கையால் ஆட்களைப் பூமிக்குள் இறக்கினார். இப்போது எடையே இல்லாத கேஜை வானத்திலிருந்து இறக்குகிறார்.

கோடுகள் நிறைந்தன. "ஒண்ணு குடு, ஒண்ணு குடு!" என்று கூட்டமே கத்தியது. ஒரு மின்னல். நிறுத்து.

மேலாளர் பெங்களூருக்கு அடித்தார். பேசிக்கொண்டே பிளாட்பாரத்தின் கடைசிவரை நடந்தார். டீக்கடைக்குள் போனார். கழிப்பறைச் சுவருக்குப் பின்னால் போய், அங்கிருந்தும் பேசினார். திரும்பி வந்து போனைப் பையில் போட்டுக்கொண்டு, மலையைப் பார்த்தார்.

"டவர் இங்கயே இருக்கட்டும். அவரையும் இங்கயே போட்டுடறேன். ஆனா ஒண்ணு, அவரோட தூக்குக்குண்டை நீ வாங்கி வச்சுக்கோ."

அப்படியானால் அவர் காதில் எல்லாமே விழுந்திருக்கிறது.

மாமாவுக்கு இந்தச் சேதியைக் கண்ணாடியில் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. கேஜ் மணியில் அதற்கு ஏது கணக்கு? சும்மா மின்னிக்கொண்டே இருந்தேன். மேலே சிவப்புத் துண்டு சுற்றிச் சுற்றி ஆடியது.

இதோடு கதை முடிந்திருந்தால் நான் இப்போது நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பேன். மத்தியானம் ஜீப் வந்தது. டிரைவர் இறங்கும்போதே முகம் தொங்கியிருந்தது.

"இன்னா அக்கா பண்ணீங்க? பேசிக்கிட்டே இருந்தேன், பட்டுனு போயிடுச்சி. ஊரே வேடிக்கை பார்த்துக்கிட்டு இருந்தது. மாமியார் வேற, 'ஆய்த்தா, அஷ்டேனா'ன்னு கேட்டுட்டாங்க." முடிந்ததா, அவ்வளவுதானா என்று கன்னடத்தில் கேட்டிருக்கிறாள். அந்த வீட்டில் அவர் மதிப்பு போவதற்கு அது போதும். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அங்க வேற போன் கெடையாது அக்கா, சிக்னல் இருந்தா ஒரு செல்லு வாங்கிக் குடுப்பேன். நான் வண்டில எங்கயோ இருப்பேன். பெண்டாட்டிக்கு நேரம் வந்தா எனக்கு யாரு சொல்றது?"

"ஒரே ஆன்டெனா, ரெண்டு ஊர். எப்படி முடியும்?" என்றார் மேலாளர், ஜீப்பில் ஏறிக்கொண்டே.  அன்றிலிருந்து அது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடுகிறது.

வெளிநாட்டில், பலகையைச் சாய்க்காமலே அலையைச் சாய்க்கிற ஆன்டெனாக்கள் வந்துவிட்டன. அடியில் ஒரு திருகு. திருகினால், உள்ளே வரிசையில் நிற்கிற துண்டுகளில் கீழே இருப்பவை ஒரு துளி தாமதித்துப் பேசும். அலை தானாகத் தலை குனியும். மாமாவிடம் இதைச் சொன்னேன். "அப்ப வெளிய நேரா, உள்ள கோணலா? நம்ம ஆளுங்க மாதிரி" என்றார். அந்த ஆன்டெனா இருந்திருந்தால் அவர் தூக்குக்குண்டுக்கும் வேலை இருந்திருக்காது. ஆனால் அதுவும் ஒரு சமயத்தில் ஒரு பக்கம்தான் குனியும்.

அப்புறம்தான் பல்ப் ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் செய்வோமே. ஃபியூஸ் போன குண்டு பல்பின் வயிற்றைக் காலி செய்து தண்ணீர் நிரப்பினால் அது லென்ஸ். போன ஞாயிற்றுக்கிழமை பகலிலேயே கதவைச் சாத்தி, அத்தையின் சமையலறையில் அதை ஒரு டம்ளர் மேல் நிற்கவைத்தேன். பின்னால் இரண்டு மெழுகுவர்த்தி, ஒன்று மேலே, ஒன்று கீழே. எதிர்ச்சுவரில் இரண்டு சுடர் விழுந்தது, தலைகீழாக. மேலே இருந்தது கீழே போயிருந்தது. கீழே இருந்தது மேலே. ஒன்றை நகர்த்தினேன், அதன் சுடர் மட்டும் நகர்ந்தது. மற்றது அசையாமல் நின்றது. ஒரே உருண்டை, இரண்டு வெளிச்சம். ஒன்றின் வழியில் ஒன்று குறுக்கிடவே இல்லை.

மேலே வைத்த மெழுகுவர்த்தி மாரிகுப்பத்துக்கு. கீழே வைத்தது பூதிகோட்டைக்கு.

"பாப்பாவுக்குப் பித்துப் புடிச்சிடுச்சி" என்றாள் அத்தை. ஆனால் மெழுகுவர்த்தி அணையாமல் கையால் காற்றை மறைத்துக்கொண்டிருந்ததும் அவள்தான்.

இந்த அலைக்குக் கண்ணாடி லென்ஸ் செய்ய முடியாது. ஓர் அலையே ஓர் அடிக்கு மேல் நீளம். உருண்டை ஆள் உயரத்துக்காவது வேண்டும், கண்ணாடியில் செய்தால் டவரே உட்கார்ந்துவிடும். மெழுகில் செய்யலாம் என்று முதலில் நினைத்தேன். "வெயில்ல உருகி என் தலைலதான் ஊத்தும்" என்று மாமா தள்ளிவிட்டார். காலேஜ் நூலகத்தில் ஒரு பழைய புத்தகத்தில் வேறு வழி படித்திருக்கிறேன். தெர்மோகோலில் சின்னச் சின்ன உலோகத் துண்டுகளைப் பதித்தால், அலை அதற்குள் கண்ணாடிக்குள் போகிற வெளிச்சம் மாதிரி மெதுவாகப் போகும். நடுவில் நெருக்கமாகப் பதித்து, ஓரத்துக்கு வரவர இடைவெளி விட்டுக்கொண்டே வந்தால் போதும்.

தெர்மோகோல் பலகைகள் மாமா வீட்டு மொட்டை மாடியில் அடுக்கியிருக்கின்றன. பறக்காமல் இருக்க மேலே அம்மிக்கல். அத்தை சாப்பாடு மடிக்கிற அலுமினியத் தாளை வட்ட வட்டமாக வெட்டிக்கொண்டிருக்கிறாள். கம்பெனி டவரை இதற்குத் தொடக்கூடாது என்று மேலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சோதனைக்கு, மெழுகுவர்த்திகளுக்குப் பதிலாக உருண்டைக்குப் பின்னால் வைக்கப் பழைய சின்ன ஆன்டெனா இரண்டும், மலைமேல் ஒரு நாளும் மட்டும் தந்திருக்கிறார். அதுவே பெரிசு.

நேற்று மாமா மாடிக்கு வந்து, பாதி ஒட்டிய உருண்டையைச் சுற்றிச் சுற்றி வந்தார். கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. தூக்குக்குண்டு என்னிடம் இருப்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது போலிருக்கிறது.

"இதுக்கு எந்தப் பக்கம் நேரு?"

"உருண்டைக்கு ஏது மாமா கோணல்?"

அவர் உள்ளங்கையை அதன் மேல் வைத்துத் தடவிப் பார்த்தார்.

வரும் ஞாயிறு, மழை இல்லாவிட்டால், அதைக் கயிறு கட்டி மலைமேல் ஏற்றப்போகிறோம். டிரைவர் பூதிகோட்டையில் தக்காளித் தோட்டத்தில் நிற்பார். நான் மாரிகுப்பம் பிளாட்பாரத்தில். சலூன்காரர் கண்ணாடியை இப்போதே தனியாக எடுத்து வைத்துவிட்டார். மாமா மேலே நின்று, முதலில் ஒரு ஆன்டெனாவை இயக்குவார். அப்புறம் இரண்டாவதை. இரண்டும் எரியும்போது என் கோடு விழாமல் நிற்க வேண்டும். அங்கே டிரைவருடையதும் நிற்க வேண்டும்.